ஜோடி ஆட்டத்துக்கு உரிய இடம்

நியூயார்க் நகரில் 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 19, 20 ஆகிய இரு நாட்களில் அமெரிக்க ஓபன் டென்னிஸ் பந்தயத்தின் கலப்பு இரட்டையர் ஆட்டங்கள் நடந்து முடிந்தன. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஜோடி சேர்ந்து ஆடும் இந்தப் பிரிவு, 2024-ம் ஆண்டு வரை மற்றப் பிரிவுகளோடு சேர்ந்தே நடந்து வந்தது. 2025-ல் அதைத் தனியே பிரித்தெடுத்து, ஒற்றையர் ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்பாகவே இரண்டே நாட்களில் ஆடி முடித்துவிட்டார்கள். பந்தயத்தை நடத்தும் அமெரிக்க டென்னிஸ் சங்கம் செய்த இந்த மாற்றம், பார்வைக்குச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால், இந்தியாவின் டென்னிஸ் வரலாற்றை அறிந்தவர்கள் இதை அலட்சியமாக விட்டுவிட முடியாது.

மாற்றம் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுவோம். 2024-ல் 32 ஜோடிகள் ஆடின. 2025-ல் 16 ஜோடிகளுக்கு மட்டுமே இடம் தரப்பட்டது. அதாவது, 32 பேருக்கு இருந்த வாய்ப்பு ஒரே அடியாகப் போயிற்று. எஞ்சிய 16 இடங்களையும் பங்கிட்ட முறை அதைவிட வியப்பானது. எட்டு இடங்கள், இருவருடைய ஒற்றையர் தர வரிசையையும் கூட்டிப் பார்த்து அளிக்கப்பட்டன. மற்ற எட்டு இடங்களுக்கு அமைப்பாளர்கள் தாங்களே விரும்பியவர்களை அழைத்துக்கொண்டார்கள். இரட்டையர் ஆட்டத்தில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சம்பாதித்த தர வரிசைக்கு ஓர் இடம்கூட ஒதுக்கப்படவில்லை. இரட்டையர் பட்டத்துக்கான ஆட்டத்தில் இரட்டையர் தகுதியைக் கேட்கவே இல்லை என்பதுதான் இதன் சாரம்.

ஆட்டத்தின் அளவும் சுருக்கப்பட்டது. வழக்கமாக ஆறு கேம்கள் வென்றால் ஒரு ஸெட். இறுதி ஆட்டம் தவிர மற்றவற்றில் நான்கு கேம்கள் வென்றாலே ஸெட் முடிந்தது. மூன்றாவது ஸெட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டை-பிரேக்கர் வைக்கப்பட்டது. பரிசுத் தொகையோ பல மடங்கு உயர்ந்தது. 2024-ல் வென்ற ஜோடிக்கு 2 லட்சம் டாலர். 2025-ல் 10 லட்சம் டாலர். நமது பணத்தில் எட்டரைக் கோடி ரூபாய்க்கும் அதிகம்.

அமைப்பாளர்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். கலப்பு இரட்டையர் ஆட்டம் பல ஆண்டுகளாகப் பெரிய பந்தயங்களில் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பது உண்மை. ஓரத்து மைதானங்களில், பாதிக்கு மேல் காலியாக இருந்த பலகைகளுக்கு முன்னால் அந்த ஆட்டங்கள் நடந்தன. ஒற்றையரில் புகழ் பெற்றவர்கள் களைத்துப் போய்விடுவோம் என்று அஞ்சி அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. 2025-ல் நிலைமை வேறாக இருந்தது. ஸ்பெயினின் அல்கராஸ் பிரிட்டனின் எம்மா ராடுகானுவுடன் ஆடினார். செர்பியாவின் ஜோகோவிச் தம் நாட்டு ஓல்கா டேனிலோவிச்சுடன் ஆடினார். ஆர்தர் ஆஷ் ஸ்டேடியத்தில் கூட்டம் திரண்டது. தொலைக்காட்சியிலும் நல்ல நேரம் கிடைத்தது. மக்கள் விரும்பிப் பார்த்தார்கள் என்பதைக் குறையாகச் சொல்வதற்கில்லை.

ஆனால், அந்தக் கூட்டம் கடைசியில் கண்டது என்ன? அல்கராஸ் ஜோடியும் ஜோகோவிச் ஜோடியும் முதல் சுற்றிலேயே வெளியேறின. பட்டத்தை வென்றவர்கள் இத்தாலியைச் சேர்ந்த சாரா எர்ரானியும் ஆண்ட்ரியா வவசோரியும். 2024-ல் இதே பட்டத்தை வென்றவர்களும் இவர்களே. 2025-ம் ஆண்டு பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையர் பட்டமும் இவர்களிடமே இருந்தது. வந்திருந்த 16 ஜோடிகளில், இரட்டையர் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்ட இருவர் சேர்ந்த ஜோடி அநேகமாக இது ஒன்றுதான். இவர்களுக்கும் தர வரிசைப்படி இடம் கிடைக்கவில்லை. நடப்புச் சாம்பியன்கள் ஆயிற்றே என்று அழைப்பின் பேரில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் இவர்கள்.

இறுதி ஆட்டத்தில் இவர்கள் தோற்கடித்தது சாமானியமான ஜோடியை அல்ல. அந்த ஆண்டு விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற போலந்தின் இகா ஸ்வியாடெக்கும், நார்வேயின் காஸ்பர் ரூடும் எதிரே நின்றார்கள். 6-3, 5-7, 10-6 என்ற கணக்கில் இத்தாலிய ஜோடி வென்றது. எர்ரானிக்கு அப்போது வயது 38. உயரத்தில் குறைந்தவர். அவருடைய ஸர்வீஸ் வேகத்தைக் கண்டு யாரும் மிரண்டதில்லை. ஆனால் எந்தப் பந்தை உயரத் தூக்கிவிட வேண்டும், எதை வலையருகே நிற்பவரின் காலடியில் இறக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தொழில் தெரிந்தவனுக்கு இடம் கொடுத்தால் அவன் என்ன செய்வான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இரட்டையர் ஆட்டம் என்பது, ஒற்றையர் ஆட்டத்தில் இன்னொரு ஆளைக் கூடச் சேர்த்துக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒற்றையர் ஆட்டத்தில் மைதானத்தின் அகலம் 27 அடி. இரட்டையரில் பக்கத்துக்கு நாலரை அடி கூடி 36 அடியாகிறது. நீளம் இரண்டிலும் 78 அடியே. அகலம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆட்களோ இரு மடங்கு. எனவே வெற்றிடம் குறைகிறது. யோசிக்கும் நேரமும் குறைகிறது. நடுவில் வரும் பந்து யாருடையது என்று கண நேரத்தில் முடிவாக வேண்டும். கூட்டாளி முன்னே பாய்ந்தால் அவர் விட்டுச் சென்ற இடத்தை மற்றவர் சொல்லாமலே நிரப்ப வேண்டும்.

கலப்பு இரட்டையரில் இன்னொரு கஷ்டமும் உண்டு. ஆண் போடும் ஸர்வீஸைப் பெண் எதிர்கொள்ள வேண்டும். பெண்ணின் ஸர்வீஸை ஆண் எதிர்கொள்வார். சலுகை ஏதும் கிடையாது. இருவரும் சமமாக நின்றால்தான் ஜோடி நிற்கும். ஒருவரை ஒதுக்கிவிட்டு மற்றவர் எல்லாப் பந்தையும் தாமே அடிக்கப் பார்த்தால், எதிரி ஐந்தே நிமிஷத்தில் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவான்.

இந்தப் பிரிவின் வயதும் கொஞ்சமல்ல. அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே கலப்பு இரட்டையர் பட்டத்துக்கு ஆடி வருகிறார்கள். 1900-ம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கிலேயே இது இடம்பெற்றிருந்தது. விம்பிள்டனில் 1913 முதல் சாம்பியன் பட்டமாக நடக்கிறது. 1963-ல் ஆஸ்திரேலியாவின் மார்கரெட் கோர்ட்டும் கென் பிளெச்சரும் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பந்தயங்களிலும் இந்தப் பட்டத்தை வென்றார்கள். மார்ட்டினா நவ்ரத்திலோவா கடைசியாகப் பெரிய பட்டம் வென்றது 2006-ல், இதே அமெரிக்க ஓபன் கலப்பு இரட்டையரில். ஐம்பது வயது நிறைவதற்கு ஒரு மாதமே இருந்தபோது பாப் பிரையனுடன் சேர்ந்து அதைச் சாதித்தார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான பரிசுத் தொகை என்று பெரிய பந்தயங்களுள் முதன்முதலாக 1973-ல் முடிவு செய்ததும் அமெரிக்க ஓபன்தான். அப்படிப்பட்ட பெருமையுள்ள பந்தயம், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் ஒரே பிரிவை இப்படி வேடிக்கைக் காட்சியாக்கியது வருந்தத்தக்கது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். டென்னிஸ் ஒற்றையரில் இந்தியர் யாரும் கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்றதில்லை. சென்னை ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளில் விம்பிள்டன் அரை இறுதி வரை சென்றார். அதற்கு மேல் யாரும் தாண்டவில்லை. அப்படியிருக்க, கிராண்ட் ஸ்லாம் பட்டியலில் இந்தியாவின் பெயர் முதன்முதலாக ஏறியது எப்போது? 1997-ம் ஆண்டு பாரீஸில், பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையர் பிரிவில். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதியும் ஜப்பானின் ரிக்கா ஹிராக்கியும் ஜோடி சேர்ந்து இறுதி ஆட்டத்தில் 6-4, 6-1 என்று வென்றார்கள். அதுவரை பூட்டியிருந்த கதவு அன்றுதான் திறந்தது. திறந்தது கலப்பு இரட்டையர் ஆட்டம் என்பதை நாம் மறக்கக் கூடாது.

அதன் பின்னர் நடந்ததைக் கணக்கெடுத்துப் பார்க்கலாம். கலப்பு இரட்டையரில் மகேஷ் பூபதி மொத்தம் 8 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்றார். லியாண்டர் பயஸ் 10 பட்டங்கள். ஸானியா மிர்ஸா 3. ரோஹன் போபண்ணா 1. பூபதியும் ஸானியாவும் சேர்ந்து வென்ற இரண்டை ஒரு முறை மட்டும் எண்ணினால், இந்தியர் பங்குகொண்ட கலப்பு இரட்டையர் பட்டங்கள் 20 ஆகின்றன. இவற்றில் ஐந்து நியூயார்க்கில் கிடைத்தவை. 1999-லும் 2005-லும் பூபதி, 2008-லும் 2015-லும் பயஸ், 2014-ல் ஸானியா.

இந்த ஐந்து வெற்றிகளையும் 2025-ம் ஆண்டு விதியில் வைத்துப் பாருங்கள். ஒற்றையரில் பூபதி எட்டிய மிக உயர்ந்த தர வரிசை 217. பயஸ் எட்டியது 73, அதுவும் 1998-ல். 2015-ல் பயஸும் மார்ட்டினா ஹிங்கிஸும் ஜோடியாகப் பட்டம் வென்றபோது, இருவருமே ஒற்றையர் ஆட்டத்தை விட்டுப் பல காலம் ஆகியிருந்தது. ஸானியா 2014-ல் பிரேசிலின் புரூனோ ஸோரஸுடன் வென்றபோதும் ஒற்றையரிலிருந்து விலகியிருந்தார். தர வரிசை வழியாக இவர்களுக்கு வாசல் திறந்திருக்காது. அமைப்பாளர்கள் மனம் வைத்து அழைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. தகுதியால் கிடைக்க வேண்டிய இடம் தயவால் கிடைக்கும் இடமாகிவிடுகிறது. ஆட்சேபிக்க வேண்டியது இதைத்தான்.

பெண்கள் விஷயத்தில் இதன் முக்கியத்துவம் இன்னும் அதிகம். 2009-ல் ஆஸ்திரேலிய ஓபனில் பூபதியுடன் சேர்ந்து வென்றபோதுதான், கிராண்ட் ஸ்லாம் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற பெருமை ஸானியாவுக்குக் கிடைத்தது. நமது நாட்டில் பெண்கள் டென்னிஸுக்கு வந்தவர்கள் குறைவு. வந்தவர்களில் நிலைத்தவர்கள் அதிலும் குறைவு. உலக அளவில் பெண்கள் இரட்டையருக்கு நம் நாட்டிலிருந்தே இரண்டு பேர் கிடைப்பது அரிது. ஒருவர் நன்றாக ஆடினால் கலப்பு இரட்டையரில் அவருக்கு உடனே ஒரு துணை கிடைக்கிறது. 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் ஸானியாவும் போபண்ணாவும் அரை இறுதி வரை சென்று, பதக்கத்தை மயிரிழையில் தவறவிட்டு நான்காவது இடம் பெற்றார்கள். டென்னிஸில் நமக்குப் பதக்க நம்பிக்கை எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதை அது காட்டியது.

தமிழ்நாட்டுக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு பழையது. பயஸ் சிறுவனாக இருந்தபோது பயிற்சி பெற்றது, அமிர்தராஜ் குடும்பத்தார் சென்னையில் நடத்திய பயிற்சிக் கழகத்தில்தான். இன்றும் கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜி இரட்டையர் ஆட்டக்காரராகப் பெயர் பெற்றவர். 2024-ல் பாரீஸ் ஒலிம்பிக்கில் போபண்ணாவுடன் ஆடினார். அதே ஆண்டில் சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் சீனாவின் ஹாங்ஜோ நகரில் சர்வதேசப் பட்டம் ஒன்றை இரட்டையரில் வென்றார்கள். இவர்கள் விளம்பரப் பலகைகளில் தோன்றுகிறவர்கள் அல்லர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, ஒரு பந்தயத்தின் வருமானத்தில் அடுத்த பந்தயத்தின் செலவைச் சரிக்கட்டும் வாழ்க்கை இரட்டையர் ஆட்டக்காரர்களில் பலருக்கும் உண்டு. 32 இடங்கள் குறைந்தன என்றால் புண்படுவது இந்த வர்க்கம்தான். 10 லட்சம் டாலர் பரிசு அவர்கள் வீட்டு அடுப்பை எரிக்காது.

நாம் வேண்டுவது பழைய முறை அப்படியே திரும்ப வேண்டும் என்பது அல்ல. நட்சத்திரங்கள் தாராளமாக வரட்டும். பெரிய ஸ்டேடியத்தில் ஆடட்டும். பரிசுத் தொகையும் உயர்ந்தே இருக்கட்டும். ஆனால் மூன்று காரியங்களில் நியாயம் வேண்டும். முதலாவது, ஜோடிகளின் எண்ணிக்கை 32 ஆக வேண்டும். இரண்டாவது, அதில் பாதி இடங்களாவது இரட்டையர் தர வரிசையை வைத்து அளிக்கப்பட வேண்டும். மூன்றாவது, மற்றப் பிரிவுகளில் உள்ளது போலவே முழு அளவு ஸெட்டுகள் ஆடப்பட வேண்டும். இவற்றுக்கு இணங்க முடியாதென்றால், அமெரிக்க டென்னிஸ் சங்கம் அதைக் கண்காட்சி ஆட்டமாக நடத்திக்கொள்ளலாம். நூறாண்டுக்கு மேற்பட்ட சாம்பியன் பட்டத்தின் பெயரை அதற்குச் சூட்டுவது முறையாகாது.

2025-ல் ஆஸ்திரேலிய ஓபனும் பிரெஞ்சு ஓபனும் விம்பிள்டனும் 32 ஜோடிகள் என்ற அளவைக் கைவிடவில்லை. அந்த மூன்றும் நியூயார்க்கின் வருமானத்தைப் பார்த்து மனம் மாறிவிடக் கூடாது என்பது நமது கவலை. ஒரு கடைக்காரர் தராசை மாற்றி லாபம் கண்டால், அடுத்த கடைக்காரரும் தராசைத் தேடுவது உலக வழக்கம். அகில இந்திய டென்னிஸ் சங்கம் இந்த விஷயத்தில் வாய் மூடி இருப்பது தகாது. இருபது பட்டங்களை இந்தப் பிரிவில் பெற்ற நாட்டுக்குச் சர்வதேச சம்மேளனத்தில் பேச உரிமை உண்டு, கடமையும் உண்டு.

வீட்டுக்குள்ளும் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. ஒற்றையரில் தோற்றவர்களுக்கான ஆறுதல் ஆட்டம் என்று இரட்டையரைக் கருதும் மனப்பான்மை நம்மிடமே இருக்கிறது. பள்ளிக்கூடப் பந்தயம், மாவட்டப் பந்தயம், அலுவலகங்களுக்கு இடையே நடக்கும் பந்தயம் ஆகியவற்றில் கலப்பு இரட்டையருக்கு முறையான இடம் அளிக்க வேண்டும். பெண் பிள்ளைகள் ஆட வருவதற்கும் அது ஒரு தூண்டுதலாக இருக்கும். போபண்ணா 2025 நவம்பரில் ஓய்வு அறிவித்தார். பூபதி, பயஸ், ஸானியா ஆகியோர் அதற்கு முன்பே விலகிவிட்டார்கள். அடுத்த தலைமுறை எங்கே என்று கேட்பவர்கள், அதை உருவாக்கும் மைதானம் எங்கே என்றும் கேட்க வேண்டும்.

பெங்களூரில் வாழும் நமது வாசகர்கள் பலர் தினமும் கப்பன் பூங்கா வழியாகப் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள். அங்கே இருக்கும் டென்னிஸ் ஸ்டேடியத்தின் உள்ளே போனவர்கள் குறைவாகவே இருக்கலாம். டென்னிஸ் பணக்காரர் ஆட்டம், நமக்கு அதில் என்ன என்று கேட்பதும் இயல்பே. ஆனால் பூபதி யாருடன் எல்லாம் ஜோடி சேர்ந்து வென்றார் என்று பாருங்கள். ஜப்பானியர், ரஷ்யர், பிரெஞ்சுக்காரர், ஸ்லோவாக்கியர், ஸ்விட்சர்லாந்துக்காரர். பேசும் மொழி வேறு, வளர்ந்த ஊர் வேறு. கோட்டுக்குள் இறங்கிய பிறகு ஒருவர் விட்ட பந்தை மற்றவர் எடுத்தார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்து, கன்னடம் பேசுகிறவரோடும் தெலுங்கு பேசுகிறவரோடும் ஒரே இயந்திரத்தில், ஒரே மேஜையில் வேலை பார்க்கும் நமக்கு இந்தக் கலை புதிதல்ல. பெயர் வெளியில் வராமல் பக்கத்தில் இருப்பவனுக்குத் தோள் கொடுத்து வேலையை முடிப்பவர்கள் நம்மில் ஏராளம்.

அத்தகைய உழைப்புக்கும் ஒரு தர வரிசை உண்டு, அதற்கும் ஓர் இடம் உண்டு என்று சொல்லும் ஆட்டம் இது. அந்த இடத்தைப் புகழ் பெற்றவர்களுக்கு மட்டும் ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. 2025-ல் எர்ரானியும் வவசோரியும் மட்டையால் சொன்ன பதிலை அமெரிக்க டென்னிஸ் சங்கம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தொழில் தெரிந்தவர்களுக்கு உரிய இடத்தை அது திருப்பித் தர வேண்டும்.